மீன் வாய்

டாக்டரம்மா மூக்கில் நழுவிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தாள். எதிரே அவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அப்பா இறந்ததிலிருந்து பதினைந்து நாளாக அவன் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வரவில்லை.

“இன்னைக்கு மனசு என்ன கலர்?”

“சாம்பல்.”

“அப்பான்னதும் முதல்ல எது ஞாபகம் வருது?”

அவன் யோசித்தான். “தலை சீவிவிடும்போது கன்னத்தை இறுக்கிப் பிடிப்பார். வாய் மீன் மாதிரி ஆயிடும்.”

“செஞ்சு காட்டு.”

காட்டினான். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சூட்டோடு அவன் கண்ணும் கலங்கியது.

“அழலாம், தப்பில்ல. இப்ப என்ன கலர்?”

“கொஞ்சம் மஞ்சள்.”

எழுதிக்கொண்டாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவனிடமே நீட்டினாள்.

“இந்தா, உன் கண்ணாடி. தாத்தா இறந்தப்போ எங்க டீச்சர் என்னை உக்காரவெச்சு இதெல்லாம் கேட்டாங்க. உன்னை உங்க ஆபீஸ்ல யாருமே கேக்கலையே, அப்பா.”