கணக்கு, குடோன், கேட்

"மேடம், இதை ரிப்பேர் பண்றது வீண் வேலை. பேசாம பழைய இரும்புக் கடையில போட்டுடுங்க."

இன்டர்காம் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்த மெக்கானிக் சொன்னார். இருபத்துநாலு போன்களை இணைக்கிற பெட்டி. உள்ளே போர்டு பாதி கருகிப் போயிருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. மூணு லைன் ஓடினாக்கூடப் போதும். கணக்கு, குடோன், கேட்."

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். மேசைகள் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. "இங்கே ஆளே இல்லையே மேடம்?"

"அப்பா ஆரம்பிச்ச குடைக் கம்பெனிண்ணே. மழைக்காலம் வந்துட்டா இருபத்துநாலு போனும் மாத்தி மாத்தி அலறும். அப்பா மாடியில உட்கார்ந்துக்கிட்டே எல்லாரையும் விரட்டுவார்..." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "என் கைக்கு வந்தப்புறம் நொடிச்சுப் போச்சு. மூடி மூணு வருஷமாகுது. அப்பா படுத்த படுக்கை. அவருக்கு இது தெரியாது."

"எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"தினம் பத்து மணிக்கு மாடியில இருந்து கூப்பிடுவார். கணக்குப்பிள்ளையும் நான்தான், குடோன்காரரும் நான்தான், வாட்ச்மேனும் நான்தான். கம்பி வந்துடுச்சுங்கய்யா, லோடு கிளம்பிடுச்சுங்கய்யான்னு கரகரன்னு பேசுவேன். ரெண்டு நாளா போன் செத்துக் கிடக்கு. அவருக்கு விஷயம் தெரிஞ்சா உசிரே போயிடும்ணே!"

மாடிப் போனையும் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் மேலே போனார். தலையணையில் சாய்ந்திருந்த பெரியவர், "முதல்ல கதவைச் சாத்துப்பா" என்றார்.

சாத்தினார்.

"என்ன, ஓடுமா ஓடாதா?"

"கஷ்டந்தான்யா. ரொம்பப் பழசு."

"அப்படிக் கையை விரிச்சுடாதே தம்பி. எப்படியாவது ஓட வெச்சிடு."

"கம்பெனி வேலை கெட்டுப் போயிடும்னு பார்க்கிறீங்களாய்யா?" மெக்கானிக் ஜாக்கிரதையாகக் கேட்டார்.

பெரியவர் சிரித்தார்.

"எந்தக் கம்பெனி? பெத்த பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? மூடின துக்கத்துல ஆறு மாசம் யார்கிட்டயும் வாயே திறக்காம கிடந்தாப்பா. ஒண்ணுமே தெரியாத மாதிரி நான் கீழே போன் பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் என் பொண்ணு பேசவே ஆரம்பிச்சா!"