சாய்ந்த எல்லைக்கல்

இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு காடு. அங்கே நட்டிருந்த எல்லைக்கல்லுக்குப் பக்கத்து வேங்கைமரத்தின் மேல் தீராத கோபம். மரத்தின் வேர் தள்ளித் தள்ளி, நேராக நின்ற கல்லைச் சாய்த்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கல் அதோடு பேசுவதில்லை.

காட்டைச் சேர்ந்து காப்பதென்று இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. முதலில் மேற்குநாட்டார் வந்து மரத்தில் சிவப்பு வளையம் பூசினார்கள். அவர்கள் வழக்கத்தில் அதற்கு 'வெட்டாதே' என்று அர்த்தம். மறுவாரம் கிழக்குநாட்டார் ரம்பத்தோடு வந்தார்கள். அவர்களுக்குச் சிவப்பு வளையம் என்றால் 'வெட்டு'.

மரப்பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு இருவாச்சிப் பெட்டை உள்ளே அடைகாத்திருந்தது. ஆண் பறவை பதறிப்போய்க் கல்லின் மேல் வந்து உட்கார்ந்தது.

"பெரியவரே, அவளால வெளியே வர முடியாது. ஏதாவது செய்யுங்களேன்!"

"நேரா நிக்கவே விடாத மரத்துக்கு நான் என்னத்தச் செய்ய? ஒழியட்டும்" என்றது கல். ஆனாலும் பொந்தின் பக்கம் பார்க்க அதற்கு மனசு வரவில்லை.

ரம்பக்காரன் குனிந்தான். "மேஸ்திரி, கல்லு இப்படிச் சாஞ்சு கெடக்கே. மரம் நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"தெரியலையே. அப்ப கேட்காமத் தொடக் கூடாது. அவங்களக் கூப்பிடு."

மேற்குநாட்டார் ஓடி வந்தார்கள். "ஐயையோ, வெட்டக் கூடாதுன்னுதானே வளையம் போட்டோம்!"

இரண்டு கூட்டமும் திருதிருவென முழித்தன. இனி இருவருக்கும் ஒரே அடையாளம் என்று பேசி முடித்தார்கள். போகும்போது, "அடுத்த வாரம் இந்தக் கல்லை நிமிர்த்திடணும்" என்றார் மேஸ்திரி.

அவர்கள் தலை மறைந்ததும் கல் மரத்திடம் வாய் திறந்தது.

"உன் மேல இருக்கிற கோபம் போகலை. ஆனா அவனுங்க நிமிர்த்த முடியாதபடி வேரை இன்னும் கொஞ்சம் உள்ளே விடு."