நீர்வேலியில் கொதித்த கார்

"மண்ணெண்ணெய் வேலை தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு! ரண்டு கிழமைக்குள்ளை இது மூண்டாந்தரம்!"

கோப்பாய்ச் சந்தியே திரும்பிப் பார்த்தது. ஏரம்பர் தன் பழைய ஒஸ்ரின் வாடகைக் காரைக் கனகலிங்கத்தின் கராஜ் வாசலில் குறுக்கே விட்டுவிட்டு, இறங்கும்போதே தொடங்கிவிட்டார். பொனற் இடுக்கால் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எங்கையண்ணை கொதிச்சது?"

"வேறை எங்கை? நேற்றும் நீர்வேலி, இண்டைக்கும் நீர்வேலி!"

கனகலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. போர்த்தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்றுபோன நாளிலிருந்து, நாலு துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் காரை ஓடவைப்பதில் அவனை விட்டால் ஆளில்லை என்று பேர். அந்தப் பேரில்தான் அவன் வீட்டில் அடுப்பெரிகிறது. ஏரம்பரின் வாயோ இணுவிலில் திறந்தால் பருத்தித்துறையில்தான் மூடும். ஏற்கெனவே இரண்டு கார்க்காரர் வேறு கராஜுக்கு மாறிவிட்டார்கள்.

"காரை விட்டிட்டுப் போங்கோ அண்ணை. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ."

அவர் போனதும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. காற்றுக் கூட, எண்ணெய் குறைவு. அப்படி ஓடினால் எந்த என்ஜின்தான் சூடேறாது?

காபரேற்றர் திருகைப் பார்த்தான். போன கிழமை அவன் வைத்த இடத்திலிருந்து அரைச் சுற்று உள்ளே போய் எண்ணெயைக் குறைத்திருந்தது. அதிர்வில் திருகு கழண்டால் வெளியேதான் வரும். உள்ளே போகாது.

யாரோ கை வைக்கிறார்கள். தன் பேரைக் கெடுக்க எந்தக் கராஜ்காரன் இந்த வேலை பார்க்கிறான் என்று யோசித்து யோசித்து, அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏரம்பரின் மனைவி நல்லம்மா வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அந்த மனுசன் உன்னைச் சந்தியிலை வைச்சு ஏசினவராம். நீ பாவம். நான்தான் செய்தனான்."

"அந்தத் திருகை நீங்களோ அக்கா திருகினது?"

"என்ன திருகு? உந்தத் திருகு மருகு எனக்குத் தெரியாது. நான் தண்ணியெல்லோ எடுத்தனான். ரண்டு கிழமையா, அவர் விடியக் கோயிலுக்குப் போற நேரம் பாத்து, றேடியேற்றருக்குக் கீழை இருக்கிற குழாயைத் திறந்து ரண்டு போத்தல் பிடிச்சுப்போடுவன்."

"மகள் ஞானாம்பிகை புத்தூரிலை றோட்டுக்கரையிலைதான் இருக்கிறாள். பேரன் பிறந்து நாலு மாதம். உவர் நாளுக்கு ரண்டுதரம் அந்த வீட்டுப் படலையைத் தாண்டி ஓடுறார். ஒருநாளைக்குக் கார் அதிலை கொதிச்சு நிண்டால் தண்ணிக்கெண்டாவது இறங்குவார். கொதிச்ச காருக்குத் தண்ணி வாங்கிறதாலை சத்தியம் முறியாதுதானே தம்பி?"

அந்தச் சத்தியம் ஊருக்கே தெரியும். ஒரே மகள் ஞானாம்பிகை, குருநகர் மாதா கோயில் வேதக்காரப் பெடியன் அடைக்கலநாதனைக் கட்டிக்கொண்ட அன்று, 'செத்தாலும் அவளின்ரை படலை மிதியன், ஒரு சொல்லுக் கதையன்' என்று இணுவில் கந்தசாமி கோயில் வாசலில் நின்று சொன்னவர் ஏரம்பர்.

"நீங்கள் போய்ப் பாக்கிறதுக்கென்ன அக்கா?"

"என்னையும் விடுறாரில்லையே."

கனகலிங்கத்துக்கு ஆத்திரம் பொங்கியது. பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காத மனுசன் ஒவ்வொரு விடியலும் முருகன் முகத்தைப் பார்த்து என்ன பிரயோசனம்? என்ன கல்நெஞ்சு!

"ஆனால் அக்கா, கார் புத்தூருக்கு முன்னமே நீர்வேலியிலையெல்லோ கொதிக்குது?"

"ஐயோ! நான் அளந்துதானே எடுத்தனான். புத்தூர் மட்டும் தாங்காதோ? அப்ப இனி ஒரு போத்தல் மட்டும் எடுக்கட்டோ?"

'என்ரை பேர் போகுதக்கா' என்று சொல்ல வாய் உன்னினான். அவள் கண்ணைப் பார்த்ததும், 'நான் பாத்துச் செய்யிறன் அக்கா' என்றான்.

அவள் போனபின் திருகைச் சரியான இடத்தில் வைத்தான். அது தன் பேருக்காக. றேடியேற்றரில் ஒரு போத்தல் தண்ணீரைக் குறைத்துவிட்டான். அது அவளுக்காக. இதுவரை எந்தக் காருக்கும் அவன் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

பின்னேரம் ஏரம்பர் வந்தார்.

"பிழை பிடிபட்டுதோ?"

"ஓமண்ணை. எல்லாம் சரி."

ஸ்ராட் பண்ணப் பெற்றோல் போத்தலை எடுத்துவரக் கனகலிங்கம் உள்ளே போனான். திரும்பி வந்தால், ஏரம்பர் பொனற்றுக்குள் தலையை விட்டபடி நின்றார். கையில் ஒரு சின்னத் திருப்புளி. காபரேற்றர் திருகு மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணை! நீங்களோ உந்தத் திருகைத் திருகிறது?"

நிமிர்ந்த வேகத்தில் அவர் தலை பொனற்றில் இடித்தது. சந்திக்கே கேட்க ஏசிய மனுசன் இப்போது கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாதையடா தம்பி. முதல் அரைச் சுற்றுத் திருகினால் ஒழுங்காப் புத்தூரிலைதானே கொதிச்சது! அவளும் பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு வாளியோடை வருவாள். நான் ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. சும்மா பாத்துக்கொண்டு நிப்பன். இப்ப ரண்டு கிழமையா, ஏனெண்டு தெரியேல்லை, நீர்வேலியிலையே கொதிச்சு ஆறிப்போகுது. அதைத்தானே உன்னைத் திருத்தச் சொன்னனான்! அவள் வாளியோடை படலையிலை நிக்கிறாள், நான் நிப்பாட்டாமல் போறன். நீயே சொல்லு, கொதிக்காத காரை நான் எந்த முகத்தோடை அதிலை நிப்பாட்டுறது?"