மாறாத பெயர்

வலைப்பக்கங்கள் தினமும் காலையில் தம் பொத்தான்களைத் தாமே இடம் மாற்றி அடுக்கிக்கொள்ளும் காலம் அது. கோவையில் ஆம்புலன்ஸ் அழைக்கும் பக்கத்தைச் சோதிப்பது பூங்கோதையின் வேலை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத அவள் கணவன் பொன்னுசாமி வாயால் சொன்னால், ஒரு மென்பொருள் அவனுக்காக அந்தப் பக்கத்தின் பொத்தானை அழுத்தும்.

ஒரு நாள் மூச்சுத் திணறி அவன் ஆம்புலன்ஸ் கேட்டான். மென்பொருள் நேற்றைய இடத்தையே அழுத்தியது. அங்கே இன்று இருந்தது 'ரத்து செய்' பொத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்ததால்தான் பிழைத்தான்.

"ஏனுங்க, சோதனையில எல்லாம் பாஸ்தானுங்களே?" என்றார் மேலாளர்.

"அந்த இடத்துல எந்தப் பொத்தான் இருந்தாலும் நம்ம சோதனை பாஸ்னுதானுங்க சொல்லும் சார்," என்றாள் பூங்கோதை. " எங்க போனாலும் கூடவே போற மாதிரி ஒவ்வொரு பொத்தானுக்கும் மாறாத பேர் வெக்கோணும். மென்பொருள் இடத்தைப் பாக்காம அந்தப் பேரைப் பாத்து அழுத்தோணும். அதுவரைக்கும் நான் ஒப்புதல் தர மாட்டேனுங்க."

"பக்கம் பூராவும் மாத்தோணுமே!"

"மாத்தலாமுங்க."

மாற்றி முடித்ததும், ஆம்புலன்ஸ் மையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கணவனையே சோதிக்கச் சொன்னாள். அவன் தயங்கினான்.

"சொல்லுங்க, நான் இருக்கேன்."

"ஆம்புலன்ஸ் கூப்பிடு."

திரையின் அடிமூலைக்குப் போயிருந்த பொத்தான் அழுந்தியது.

"சொல்லுங்க, எங்க வரணும்?" என்றது ஒரு பெண் குரல்.

பொன்னுசாமி பூங்கோதையைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னைக்கு வேண்டாமுங்க," என்றான். "நல்லா இருக்கேன்."