மண்டி போட்ட ராஜா

கழுத்துக்கு நாலு விரக்கடை தூரத்தில் வாள் நின்றது. தோத்த ராஜா மண்டி போட்டிருந்தார். கையில் விலங்கு, எதிரில் சமாதான ஓலை. போட்டால் கையெழுத்து, போடாவிட்டால் தலை.

"இப்ப எச்சில் முழுங்கினாரா இல்லையா? நீங்க பார்த்தீங்களா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

முழுங்கத்தான் செய்தார். நல்லவேளை, வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு முறை காட்சி மாறும். அந்தக் காலத்தில் இதே மாதத்தில் நடந்த போர் ஒரு கூடத்தில், சமாதான உடன்படிக்கை ஒரு கூடத்தில், முடிசூட்டு விழா இன்னொரு கூடத்தில். எல்லாம் உயிருள்ள ஆட்கள்தான், ஆனால் சிலை மாதிரி நிற்கணும். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அசைந்து மாட்டினால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது.

போன மாதம் நம்ம ஆள் போர்க்களத்தில் பிணம். அதல்லவா ராஜ வாழ்க்கை! கண்ணை மூடிப் படுத்தால் சாயங்காலம் எழுந்திருந்தால் போதும். இந்த மாதம் பதவி உயர்வு என்று சொல்லி, ராஜாவாக்கி, முட்டியை உடைத்துவிட்டார்கள்.

ஜெயிச்ச ராஜாவுக்கு என்ன, நிற்கிற வேலை. புதிதாக வந்த ஆள். காலையில் வரும்போதே முகம் மூடிய தலைக்கவசத்தோடு வருவார். சாப்பாடும் தனியாக, சுவர்ப் பக்கம் திரும்பித்தான். இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'வேஷத்துக்கே இவ்வளவு பந்தாவா!' என்று தோத்த ராஜாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

அந்த எரிச்சலெல்லாம் வாசலில் கேட்ட குரலில் பறந்தது.

"சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரர் ரூம் எந்தப் பக்கம்?"

மாப்பிள்ளையின் அம்மா! கூடவே மாப்பிள்ளை. அவர்களுக்குப் பின்னால், பேயறைந்த முகத்தோடு தன் மனைவி.

பெண் பார்க்க வந்த அன்று 'அருங்காட்சியகத்தில் அதிகாரி' என்று அளந்துவிட்டது அவர்தான். முன்பு அதிகாரியாக இருந்தது உண்மை, ஆனால் வேறு இடத்தில். அந்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. மகள் மாப்பிள்ளையோடு போனில் சிரிக்கிற சத்தம் தினமும் வீட்டில் கேட்கிறது. குட்டு உடைந்தால் அந்தச் சிரிப்பும் போச்சு.

"அவர் மீட்டிங்ல இருப்பாருங்க. தொந்தரவு பண்ண வேணாமே," என்றாள் மனைவி.

"எங்க வீட்டுலயும் இதே கதைதான். இன்னைக்கு ஒரு நாள் கூட வாங்கன்னேன். ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைன்னு காலையிலயே ஓடிட்டாரு," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

வாள் நுனி லேசாக நடுங்கியது. 'அடப்பாவி, கனம் தாங்காம என் கழுத்துல போட்டுடாதே' என்று தோத்த ராஜா பதறினார். பதற மட்டும்தான் முடிந்தது. எழுந்து ஓட முடியாது, விலங்கு போட்ட கையால் முகத்தை மூடவும் முடியாது. ஒட்டுத் தாடியும் முகத்தில் பூசிய வெண்கலச் சாயமும்தான் துணை.

மாப்பிள்ளையின் அம்மா சரியாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"டேய், இந்தத் தோத்த ராஜா மூக்கைப் பாரேன். அப்படியே உன் மாமனார் மூக்கு!"

"அட, ஆமாம்மா!"

"வேஷம் போட்டா எல்லா மூக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்க, அந்தப் பக்கம் முடிசூட்டு விழா நல்லா இருக்குமாம்," என்று மனைவி அவசரப்பட்டாள்.

"இருங்க அத்தை, ஒரு நிமிஷம்." மாப்பிள்ளை குனிந்து முகத்துக்கு நேரே வந்தான்.

நெற்றியில் வேர்வை திரண்டு, சாயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. பசை இளகித் தாடியின் ஒரு ஓரம் பிரிந்து தொங்கியது. தோத்த ராஜா மூச்சை அடக்கிக்கொண்டார். கடவுளே, என் பெண்ணுக்காகவாவது காப்பாத்து!

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கினான். "மா...மா?"

டமார்!

வாள் தரையில் விழுந்து உருண்டது. மாப்பிள்ளை துள்ளி எழுந்து திரும்பினான். "ஜெயிச்ச ராஜா அவுட்டு!" என்று கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "ஏங்க, ஒரு வாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியாதா? சாயங்காலம் உடுப்பைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வர வேணாம்."

ஜெயிச்ச ராஜா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயோ பாவம், வீட்டுல போய் என்ன சொல்லுவாரோ," என்று மாப்பிள்ளையின் அம்மா உச்சுக் கொட்டினாள். அதுதான் சாக்கென்று மனைவி இருவரையும் தள்ளாத குறையாக அடுத்த கூடத்துக்குக் கூட்டிப் போனாள். வேடிக்கை முடிந்த கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது.

தோத்த ராஜாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தெரிந்து போட்டாரோ, தெரியாமல் போட்டாரோ, இந்த மனுஷன் வேலை போய்த்தான் தன் மானம் தப்பியது. இவரையா இத்தனை நாளாகத் திட்டினோம்!

"நீங்க நல்லா இருக்கணும்ங்க," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

வாளை எடுக்கக் குனிந்த ஜெயிச்ச ராஜா, தலைக்கவசத்துக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்:

"போயிட்டாங்களா, சம்பந்தி?"