இடது ஓரத்துச் சிவப்பு

செவிலிமேட்டு வீட்டின் ஜன்னல் வழியாகக் காலை வெயில் மடிக்கணினித் திரையில் விழுகிறது. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஜோசுவா, மனைவி நதியாவின் துப்பட்டாவைத் தலைக்குமேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்க்கிறான். சனிக்கிழமை தென்னேரி ஏரிக்கரையில் எடுத்த நூற்றுப்பத்து வானப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபோது, இடது ஓரத்தில் பீட்ரூட் தண்ணீர் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு மங்கலான சிவப்பு தெரிந்தது. எந்த வான்வரைபடத்திலும் இல்லாத நெபுலா, விண்வெளி வாயுமேகம். ஆசை தாங்காமல், வானம் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். கைபேசி இன்னும் வாழ்த்துகளில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. பட்டுக்கடையில் சேலைகளைச் சரிபார்க்கும் நதியாதான் கேட்டாள்: "சேலையில கறை மாதிரி தெரிஞ்சா, கறையா சாயமான்னு திருப்பிப் பாப்போம்பா. நீ கேமராவத் திருப்பிப் பாத்தியா?" அதனால் நேற்று கேமராவைத் தலைகீழாக மாட்டி அதே வானத்தை எடுத்தான். கோளாறு கேமராவில் என்றால் சிவப்பு இடப்பக்கமே நிற்கும்; வானத்தில் இருந்தால் வலப்பக்கம் போகும்.

நேற்றைய படம் மெல்லத் திறக்கிறது. இடப்பக்கம் கருப்பு. வலப்பக்கமும் கருப்பு. "ரெண்டு பக்கமும் இல்லியேமா," என்கிறான். தோள்பையோடு குனியும் நதியா, சேலையைத் தடவுகிற விரலால் திரையைத் தடவுகிறாள். "கறையும் இல்ல, சாயமும் இல்லன்னா, சனிக்கிழம இன்னாத்தத்தான்பா புடிச்சுக்கினு வந்த?" 'ரெண்டாவது படமும் போடுங்க சார்' என்று கைபேசியில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. தெருமுனையில் அவள் போகவேண்டிய பஸ் ஹாரன் அடிக்கிறது. நதியா பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டுகிறாள். "மொதல் படத்த எடு." திறக்கிறான். சிவப்பு அங்கேயே இருக்கிறது, எங்கேயும் போகாததுபோல.