உமி மேட்டுக் காவல்

நெல் ஆலைக்குப் பின்புறம், உமிக் குவியலின் மேல், ஒரு நாய் மத்தியானந்தோறும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். அது விட்ட குறட்டையில் பக்கத்து வெள்ளாட்டுக்குக் கண் மூட முடியவில்லை.

"உமித்தூசி மூக்கை அடைக்குது. அதான் வாயால மூச்சு விடுறே. வேப்பமரத்தடியில போய்ப் படேன்யா!" என்றது ஆடு.

குவியலோரம் அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்குக் கோபம் வந்தது. "யாரு தூங்குறா? எங்க அண்ணன் கண்ணை மூடிக்கிட்டே உறுமுறாரு. அதுக்குப் பயந்துதான் கீரி இந்தப் பக்கமே வர்றதில்லை."

நாய் மறுக்கவில்லை. பாராட்டை மறுக்கும் வழக்கம் அதற்கில்லை. ஆனால் எழும்போதெல்லாம் தொண்டை வறண்டு தலை கனப்பது அதற்குத்தானே தெரியும்? மறுநாள் மரத்தடிக்குப் போய்ப் படுத்தது. மூக்கு திறந்தது, வாய் தானாக மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

இரை பொறுக்கித் திரும்பிய கோழி அலறியபோதுதான் விழித்தது. கீரி வந்து போயிருந்தது. பன்னிரண்டு முட்டையில் மூன்றுதான் மிச்சம்.

"இத்தனை வருஷம் கண் அசராம இருந்துட்டு, இன்னிக்குப் போய்த் தூங்கிட்டீங்களே அண்ணே!"

இத்தனை வருஷமும் தூங்கித்தானே கிடந்தோம், இன்று மட்டும் அது எப்படிக் குற்றமாயிற்று என்று நாய் வெகுநேரம் யோசித்தது. பிறகு உமி மேட்டில் ஏறி, மூக்கை ஆழப் புதைத்துக்கொண்டு, காவலுக்குப் படுத்தது.